ஆய்வுகூடத்துக்குப் பயிற்சி மாணவர்களை எடுப்பது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை லாப்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

“ட்ரெயினிங்குக்கு ரெண்டு பிள்ளைகளை எடுப்பீங்களா?” என்று ஒரு விரிவுரையாளர் போனில் கேட்பார். “அதுக்கென்ன, அனுப்புங்க சேர்” என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள். பிள்ளைகள் வந்து வாசலில் நிற்கும் நாளில்தான் காப்புறுதி யார் பொறுப்பு, எந்த மேசையில் இருத்துவது, யார் கையெழுத்து வைப்பது என்ற கேள்விகள் வரிசையாக வரும்.

நாங்கள் நீரும் மண்ணும் பரிசோதிக்கும், இடையிடையே ஆராய்ச்சியும் செய்யும் சின்ன லாப். முதல் தடவை மாணவர்களை எடுத்தபோது இதையெல்லாம் கேட்டறிய ஆளில்லை. நாங்கள் அனுப்பிய கடிதம் ஒரு கல்வி நிறுவனத்தில் யாருடைய மேசையில் கிடக்கிறது என்று தேடவே வாரக்கணக்கில் போனது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் லாப்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. தனியார் லாப், தொண்டு நிறுவன லாப், திணைக்களங்களின் ஆராய்ச்சி நிலையங்கள், புதிதாக மாணவர் எடுக்கும் வைத்தியசாலை லாப்கள் முழுவதையும் வாசியுங்கள்.

தொடங்குமுன் ஒன்று. பயிற்சி மாணவர் சம்பளமில்லாத வேலையாள் இல்லை. முதல் மாதத்தில் அவரால் உங்கள் வேலை கூடுமே தவிரக் குறையாது. அவர் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க, வேலை தெரிந்த ஒருவருக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலமாவது ஓய்வு இல்லையென்றால், “இந்த முறை இயலாது, அடுத்த முறை பார்ப்பம்” என்று சொல்லிவிடுங்கள். எடுத்துவிட்டுப் போத்தல் கழுவ வைப்பதைவிட அது மரியாதை.

1. எந்த வகைப் பயிற்சி என்று முதலில் கேளுங்கள்

எல்லாரும் “ட்ரெயினிங்” என்றுதான் சொல்வார்கள். உள்ளே நாலு வகை இருக்கிறது, நாலுக்கும் கடதாசி வேறு.

பல்கலைக்கழகத்தின் தொழில்துறைப் பயிற்சி ஒன்று. பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம். பாடத்திட்டத்தில் புள்ளி உள்ளது என்பதால் உங்களிடம் மதிப்பீட்டுப் படிவம் வரும். இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் இரண்டாவது: மாணவர் சொந்தக் கேள்வியோடு வருவார், உங்கள் கருவி மட்டும் வேண்டும், மேற்பார்வையாளர் பல்கலைக்கழகத்தில் இருப்பார். மூன்றாவது ஏ.டி.ஐ. எனும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், பல்கலைக்கழகக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் டிப்ளோமா மற்றும் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகள். இவற்றில் பலவற்றுக்கு நைட்டா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, இடையில் வரும். நாட்குறிப்பும் பரிசோதகர் வருகையும் இருக்கும். நாலாவது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு “சும்மா வந்து பழகுறம்” என்று வரும் பிள்ளைகள்.

இந்த நாலாவது வகையில் கவனம். 18 வயதுக்குக் குறைந்தவர்களை அபாயமான வேலையில் ஈடுபடுத்தச் சட்டம் இடம் தராது. அமிலம், நோய்க்கிருமி, வாயுச் சிலிண்டர் எதற்கும் கிட்ட விடாதீர்கள். தரவுப் பதிவு, மாதிரிகளுக்கு லேபல் ஒட்டுவது, நுணுக்குக்காட்டி பார்ப்பது என்ற அளவோடு, பெற்றாரின் கையெழுத்தோடு எடுக்கலாம். முடிந்தால் 18 ஆகும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

2. ஆளைத் தேடுமுன் வேலையை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். மாணவர் என்ன செய்வார், எந்தக் கருவியில், யாருடைய பார்வையில், முடிவில் கையில் என்ன இருக்கும். “லாப் வேலைகளுக்கு உதவுதல்” என்று எழுதினால் இரண்டாம் வாரமே அந்தப் பிள்ளை கதிரையில் இருந்து போன் பார்க்கும். “காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் 20 கிணறுகளில் மாதம் ஒருமுறை மின்கடத்துதிறன், பீஎச், நைத்திரேற்று, கோலிபோம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பக்டீரியா) அளந்து வரைபடம் போடுதல்” என்று எழுதினால் அது வேலை.

பிழைத்தாலும் நட்டம் வராத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். வாடிக்கையாளரின் மாதிரியை, திரும்ப எடுக்க முடியாத மாதிரியை மாணவரின் கையில் முதல் மாதமே கொடுக்கக் கூடாது. உங்கள் ஆள் செய்யும் மாதிரியின் இன்னொரு பங்கை மாணவரும் சமாந்தரமாகச் செய்யட்டும். இரண்டு பெறுபேறும் ஒத்துவரத் தொடங்கிய பிறகு தனியாக விடலாம்.

காலத்தையும் பாருங்கள். இங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் படுவான்கரைப் பக்கம் களத்துக்குப் போகும் திட்டம் போட்டால் பாதி நாள் வெள்ளம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மழைக்கு முன்னும் பின்னும் நீரின் தரத்தை ஒப்பிடும் திட்டமென்றால் செப்டெம்பரிலேயே முதல் மாதிரி எடுத்திருக்க வேண்டும். நெல் வயல் ஆய்வென்றால் பெரும்போகம், சிறுபோக விதைப்பைப் பார்த்து நாள் குறியுங்கள். பல்கலைக்கழக நாட்காட்டிக்கு வயல் காத்திருக்காது.

எத்தனை பேர்? ஒரு மேசைக்கு, ஒரு மேற்பார்வையாளருக்கு இரண்டு பேர். தனியாக ஒருவர் வேண்டாம். இருவராக வந்தால் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துத் திருத்துவார், பின்னேரம் பஸ்ஸுக்குப் போகவும் துணை. மூன்றாமவர் வந்தால் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பார்.

3. கடிதங்கள்

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வரிசை இதுதான்: முதலில் கல்வி நிறுவனத்திடமிருந்து கோரிக்கைக் கடிதம், பிறகு உங்கள் சம்மதக் கடிதம், அதன் பின் மாணவரின் பெயர், திகதிகள் போட்ட நியமனக் கடிதம், கடைசியாக மாணவர் கையெழுத்திடும் ஒப்பந்தம். போனில் பேசியது, வட்ஸ்அப்பில் “ஓகே” போட்டது எதுவும் கணக்கில்லை. விபத்து ஒன்று நடந்தால் முதலில் கேட்பது “இந்தப் பிள்ளை எந்தக் கடிதத்தில் இங்கே இருக்கிறது?” என்பதுதான்.

கடிதத்தைப் பெயருக்கு எழுதாமல் பதவிக்கு எழுதுங்கள். “துறைத் தலைவர், விலங்கியல் துறை” என்று போட்டு, பீடாதிபதிக்கும் தொழில்துறைப் பயிற்சி இணைப்பாளருக்கும் பிரதி போடுங்கள். பெயருக்கு அனுப்பிய கடிதம் அவர் லீவில் போனால் திறக்கப்படாமலே கிடக்கும். எங்கள் கடிதத்துக்கு நடந்தது அதுதான். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று அனுப்பிவிட்டு, ஒரு வாரத்தில் போன் எடுத்துக் கேளுங்கள்.

யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு: கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, விவசாய பீடங்கள் வந்தாறுமூலையில் உள்ளன. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருந்தாலும் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். ஒலுவிலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.ஐ. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் இருக்கிறது, அம்பாறையில் அது ஹாடி என்ற பெயரில்.

நீங்கள் அரச நிறுவனம் என்றால் லாப் பொறுப்பாளரின் கையெழுத்து மட்டும் போதாது. உங்கள் திணைக்களத் தலைமையின் எழுத்து அனுமதி வேண்டும், மாகாணத் திணைக்களம் என்றால் மாகாணப் பணிப்பாளரின் அனுமதி. அதற்கு எடுக்கும் காலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

“புரிந்துணர்வு உடன்படிக்கை போட்டால்தான் மாணவரை அனுப்பலாம்” என்று யாராவது சொன்னால், அது உண்மையிலேயே கட்டாயமா என்று பீடத்தில் எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை போடுவதென்றால் மூதவை, பேரவை என்று பல படி ஏற வேண்டும், மாதக்கணக்கு ஆகும். ஒன்றிரண்டு மாணவருக்கு மேலே சொன்ன கடிதங்களே பெரும்பாலும் போதும். ஆண்டுதோறும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் உடன்படிக்கையைப் பக்கத்தில் தொடங்கி வையுங்கள், முதல் தொகுதியை அதற்காக நிறுத்தாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தொடக்க, முடிவுத் திகதி, வேலை நேரம், லீவு யாரிடம் கேட்பது, மேற்பார்வையாளர் யார், கொடுப்பனவு எவ்வளவு, இல்லையென்றால் இல்லை என்று, காப்புறுதி யாருடையது, தரவு யாருக்குச் சொந்தம், வாடிக்கையாளர் விபரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது, பாதுகாப்பு விதியை மீறினால் பயிற்சி நிற்கும் என்பது. பிள்ளைக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் வாசிக்கக் கொடுங்கள். அம்பாறையில் இருந்து வரும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழ் ஒப்பந்தத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அதில் அர்த்தமில்லை.

4. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பைல்

பயிற்சி தொடங்க இரண்டு வாரம் முன்னரே இவை கையில் இருக்க வேண்டும்:

கல்வி நிறுவனக் கடிதம். தேசிய அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை இரண்டின் போட்டோகொப்பி. ஒரு பக்க சுயவிபரம், இதுவரை செய்த பாடங்களோடு. கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றிதழ். அவசரத்துக்கு அழைக்க இரண்டு தொலைபேசி இலக்கம். ஒன்று வீட்டார், மற்றது இங்கே கிட்ட இருப்பவர். இரத்த வகை. கொடுப்பனவு கொடுப்பதென்றால் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம்.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழை ஆறு மாதத்துக்கு முன்னர் எடுத்திருந்தால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். பதுளை, யாழ்ப்பாணம் என்று தூர ஊர்ப் பிள்ளைகள் அதற்காகவே வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை. பொலிஸ் அறிக்கை எல்லா லாப்பும் கேட்பதில்லை. கேட்கும் நிறுவனம் என்றால் கோரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு பற்றி படிவத்தில் எழுதச் சொன்னால் மறைப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு, “இது உன்னை எடுக்காமல் விட இல்ல, என்ன வேலை குடுக்கலாம் எண்டு பார்க்கத்தான்” என்று கேளுங்கள். சொல்வார்கள்.

5. காப்புறுதி, தடுப்பூசி, நெறிமுறை அனுமதி

காப்புறுதி யாருடையது என்பதைக் கல்வி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் பயிற்சிக் காலத்துக்கு எடுத்திருப்பார்கள், ஆனால் அது வளாகத்துக்கு வெளியே செல்லுமா, களப் பயணத்தை உள்ளடக்குமா என்பது வேறு கேள்வி. பத்திரத்தின் பிரதியை வாங்கி வாசியுங்கள். இல்லையென்றால் குறுகிய காலத் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுங்கள். லாப்பின் கட்டடக் காப்புறுதி மாணவரின் கையில் பட்ட அமிலத்துக்கு உதவாது.

இரத்தம், மலம், சளி மாதிரி வரும் லாப் என்றால் ஹெப்பற்றைற்றிஸ் பீ தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். வழமையான அட்டவணை 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. மூன்று மாதப் பயிற்சிக்கு வரும் பிள்ளை வந்த பிறகு தொடங்கினால் மூன்றாவது ஊசிக்கு முன்னரே பயிற்சி முடிந்துவிடும். ஆகவே மாணவர் தெரிவானதுமே கேளுங்கள். ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்: சவர்க்காரமும் ஓடும் நீரும் போட்டுக் கழுவு, நசுக்காதே, உடனே சொல், வைத்தியசாலைக்குப் போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லது. பயத்தில் பிள்ளை மறைத்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

மனிதர்களிடம் மாதிரி எடுப்பது, நோயாளர் தரவு, விலங்குப் பரிசோதனை எதுவாயினும் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி முன்னரே வேண்டும். பிறகு வாங்கலாம் என்று மாதிரி எடுத்தால் அந்தத் தரவு வீண். குழு கூடும் நாளைக் கேட்டு, அதற்கு முன் விண்ணப்பம் போக வைத்து, ஒருமுறை திருத்தம் கேட்டுத் திருப்புவார்கள் என்றும் வைத்துக்கொண்டு நாளைக் கணக்கிடுங்கள். தேசிய பூங்காக்களில், கல்ஓயாவானாலும் குமணவானாலும், மாதிரி எடுப்பதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி அனுமதி வேண்டும். உள்ளூர் அலுவலகத்தில் தெரிந்தவர் “பரவாயில்ல, போங்க” என்பது அனுமதியாகாது. மூன்று மாதப் பயிற்சிக்கு அந்த வேலையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

6. செலவு

கொடுப்பனவைப் பற்றித்தான் எல்லாரும் யோசிப்பார்கள். உண்மையில் கையைக் கடிப்பது பாவனைப் பொருட்கள்.

கையுறை ஒரு பெட்டியில் 100, அதாவது 50 சோடி. ஒருவர் நாளுக்கு இரண்டு சோடி மாற்றினால் 25 வேலை நாளுக்கு ஒரு பெட்டி. இரண்டு பேர், ஆறு மாதம் என்று பெருக்கிப் பாருங்கள். நுண்ணுயிர்களை வளர்க்கும் வளர்ப்பூடகமும் அப்படித்தான். நியூட்ரியன்ட் ஏகார் லீற்றருக்கு 28 கிராம். ஒரு தட்டுக்கு 20 மில்லிலீற்றர் ஊற்றினால் லீற்றருக்கு 50 தட்டு. மாணவர் பத்து மாதிரியை மூன்று ஐதாக்கத்தில், ஒவ்வொன்றையும் மும்முறை செய்தால் ஒரு சுற்றுக்கு 90 தட்டு, 50 கிராம் ஏகார். 500 கிராம் போத்தல் பத்துச் சுற்றில் காலி. திட்டத்தை ஒப்புக்கொள்ளுமுன் இந்தக் கணக்கை மாணவரையே போட வையுங்கள். அதுவே முதல் பாடமும் ஆகும். “பத்து மாதிரி காணும் மிஸ்” என்று அவர்களே குறைத்துக்கொள்வார்கள்.

இறுதியாண்டு ஆய்வென்றால் பாவனைப் பொருள் யாருடைய காசு என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். கொழும்பில் இருந்து வர வேண்டிய இரசாயனத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். வெளிநாட்டில் இருந்து இறக்கும் கிட் என்றால் அது பயிற்சிக் காலத்துக்குள் வராது என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

எதனோல் கடையில் வாங்கும் சாமான் இல்லை, மதுவரித் திணைக்களத்தின் அனுமதிக்குள் வருவது. பொற்றாசியம் பரமங்கனேற்று, சல்பூரிக் அமிலம், ஐதரோகுளோரிக் அமிலம், அசற்றோன் ஆகியவை போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படக்கூடியவை என 1988ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயம் பட்டியலிட்டவை. இங்கே அவற்றைப் பார்ப்பது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. இவற்றுக்குப் பதிவேடு வைத்து, எடுத்த அளவை மில்லிலீற்றரில் எழுத வையுங்கள். “வேற லாப்ல என்ட ப்ரெண்டுக்குக் கொஞ்சம் வேணுமாம்” என்று சின்னப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் மாணவரிடம் உண்டு. முதல் நாளே மறியுங்கள்.

கொடுப்பனவைப் பொறுத்தவரை, பல லாப்கள் ஒன்றும் கொடுப்பதில்லை. குறைந்தது பஸ் காசும் பகல் சாப்பாடும் கொடுங்கள் என்பேன். புலமைப்பரிசில் பணம் பிந்தும் மாதங்களில் பகல் சாப்பிடாமல் நிற்கும் பிள்ளையிடம் செறிந்த அமிலத்தைக் கொடுப்பது பாதுகாப்பில்லை. கையில் காசாகக் கொடுக்காமல் வவுச்சர் எழுதி வங்கியில் போடுங்கள். திட்ட நிதி என்றால் அந்த வரவுசெலவில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்காளரோடு வருட முடிவில் சண்டை.

7. முதல் வாரம்

முதல் நாள் வேலை வேண்டாம். கண் கழுவும் இடம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வாயு அடைக்கும் திருகு, மெயின் சுவிட்ச் எல்லாவற்றையும் காட்டி, கையால் தொட வைத்துச் சுற்றி வாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் கதவில் இருக்கட்டும். அதன் கீழே உங்கள் லாப்பின் முகவரியும் கிட்டிய அடையாள இடமும். பதற்றத்தில் முகவரி வாயில் வராது. லாப் கோட், மூடிய சப்பாத்து கட்டாயம். ஸ்லிப்பரோடு வந்தால் அன்று அலுவலக மேசையில் வேலை. சாரி, அபாயா, நீண்ட சோல் எதுவானாலும் நுனி தொங்காமல் கோட்டுக்குள் சொருகியிருக்க வேண்டும். பன்சன் சுவாலையில் துணி பிடிக்க ஒரு விநாடி போதும். இதை ஒரு பெண் ஊழியர் சொல்வது நல்லது.

இரண்டாம் நாள் மைக்ரோ பிப்பெற், அதாவது சிறிய அளவுத் திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி. “பல்கலைக்கழகத்தில செய்திருக்கம்” என்பார்கள். முப்பது பேருக்கு ஒரு பிப்பெற் இருந்த வகுப்பில் எத்தனை முறை பிடித்திருப்பார்கள்? தராசில் ஒரு முகவை வைத்துப் பூச்சியமாக்கி, 1 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரைப் பத்துத் தடவை விட்டு ஒவ்வொரு தடவையும் நிறையை எழுதச் சொல்லுங்கள். நம்மூர் வெக்கைக்கு 0.996 கிராமுக்குக் கிட்ட வர வேண்டும். முதல் சுற்றில் 0.94, 1.02 என்று பாயும். நுனியைச் சாய்த்துப் பிடிப்பது, பெருவிரலைச் சட்டென்று விடுவது, முதல் நிறுத்தத்தைத் தாண்டி அமுக்கி உறிஞ்சுவது மூன்றும்தான் காரணம். எதையும் விளக்காமல் எண்களைப் பார்க்க விட்டால் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பத்தும் 0.99க்கும் 1.00க்கும் இடையில் வரும்வரை மாதிரியைத் தொட விடாதீர்கள். திரவம் நுனியில் இருக்கையில் பிப்பெற்றைப் படுக்க வைத்தால் அது உள்ளே போய்த் துருப்பிடிக்கும் என்பதையும், 1000 மைக்ரோலீற்றருக்கு மேல் திருகினால் உடையும் என்பதையும் அப்போதே காட்டுங்கள்.

அடுத்தது பீஎச் மீற்றர். மின்வாயைக் கழுவிவிட்டு “சுத்தமா இருக்கட்டும்” என்று காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடுவார்கள். நல்லெண்ணத்தால் கெடும் கருவி அது. அதன் இடம் 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல். மூடியில் கரைசல் இருக்கிறதா என்று பார்ப்பதை மாணவரின் பின்னேரக் கடமையாக்குங்கள்.

அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவை முதல் மாதம் தனியாக இயக்க விடாதீர்கள். 121 பாகை செல்சியஸ், 15 பீ.எஸ்.ஐ., 15 முதல் 20 நிமிடம் என்பது எல்லாருக்கும் பாடம். அழுத்தமானி பூச்சியத்துக்கு வருமுன் மூடியைத் திறக்கக் கூடாது, போத்தல் மூடியை இறுக்கி உள்ளே வைக்கக் கூடாது என்பவைதான் கையைக் காப்பவை.

செயல்முறைத் தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். வாசித்துக் கையெழுத்திடச் சொன்னால் உடனே இட்டுவிடுவார்கள். தாளை மூடிவிட்டு, “இப்ப நீங்க எனக்குத் தமிழ்ல சொல்லுங்க” என்று கேளுங்கள். சிங்களப் பிள்ளை சிங்களத்திலோ தெரிந்த ஆங்கிலத்திலோ சொல்லட்டும். சொல்ல முடிந்தால் விளங்கியிருக்கிறது.

8. களத்துக்குப் போகும்போது

வாவியில் மாதிரி எடுப்பதென்றால் மீனவரின் தோணியில் போனாலும் உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று. “எனக்கு நீந்தத் தெரியும்” என்பதை ஏற்காதீர்கள். மட்டக்களப்பு வாவியில் முதலையும் உண்டு, கரையில் இறங்கும் இடத்தை ஊரவரிடம் கேட்டே இறங்குங்கள். படுவான்கரை, அம்பாறை எல்லைக் கிராமங்களில் யானை நடமாட்டத்தால் காலை 8 மணிக்கு முன்னும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னும் களத்தில் நிற்க வேண்டாம்.

வயலில் இறங்கும் பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சல் பெரிய பயம். விவசாயிகளுக்குக் கொடுக்கும் டொக்ஸிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பற்றி உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காலில் புண் உள்ளவரை வயலுக்கு விடாதீர்கள், பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கால் தசை நோவு வந்தால் வைத்தியரிடம் “வயலில் இறங்கினேன்” என்று சொல்லும்படி பழக்குங்கள்.

9. போடிங், பஸ், நேரம்

தூரப் பிள்ளைகளுக்குப் போடிங் தேடிக் கொடுப்பது உங்கள் வேலை இல்லை என்று நினைப்பீர்கள். தேடிக் கொடுங்கள். நல்ல போடிங் கிடைக்காத பிள்ளை மூன்றாம் வாரம் நின்றுவிடும். லாப்புக்குக் கிட்ட உள்ள இரண்டு மூன்று வீட்டு விலாசத்தை வைத்திருங்கள், முற்பணம் எத்தனை மாதம் என்றும் கேட்டு வையுங்கள்.

கடைசி பஸ் நேரத்தைப் பார்த்து வேலை நேரத்தை வகுங்கள், மறுபக்கமாக அல்ல. பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி நாலு மணித்தியாலம் செல்லும் பரிசோதனையைப் போட்டுவிட்டு “கெதியா முடியுங்க” என்பது நியாயமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக 12 மணியிலிருந்து 2 மணி வரை வேலை வைக்காதீர்கள். நோன்பு காலத்தில் வெப்பமான அறை வேலைகளைக் காலையில் முடியுங்கள்.

ஒரு மாணவியும் ஓர் ஆண் ஊழியரும் மட்டும் அடைத்த லாப்பில் நேரம் கடந்து நிற்கும்படி வேலை அமையக் கூடாது. இங்கே அதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். தொந்தரவு வந்தால் யாரிடம் சொல்வது என்று, மேற்பார்வையாளர் அல்லாத இன்னொருவரின் பெயரை முதல் நாளே கொடுங்கள். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம் என்பதை உங்கள் ஊழியர்களுக்கும் நினைவூட்டுங்கள்.

10. நாட்குறிப்பும் தரவும்

லாப் குறிப்புப் புத்தகம் லாப்புக்குச் சொந்தம். பக்க எண் போட்டது, பேனையால் எழுதியது, ஒற்றைத் தாள் இல்லாதது. பிழைத்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பமும் திகதியும். மாணவர் போகும்போது படம் பிடித்துக்கொண்டு போகலாம், புத்தகம் இருக்கும்.

நைட்டா அல்லது பல்கலைக்கழக நாட்குறிப்பு வேறு. அதில் ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று ஒரு நேரம் குறித்துவிடுங்கள். கடைசி நாளில் நாலு மாத நாட்குறிப்பை ஒரே பேனையில், ஒரே இருப்பில் கையெழுத்து வாங்க நிற்பார்கள். பரிசோதகர் அதைப் பார்த்ததும் கண்டுபிடிப்பார்.

தரவை மாணவர் அறிக்கையில் போடலாமா, கட்டுரையாக வெளிவந்தால் யார் பெயர் எங்கே என்பதைத் தொடக்கத்திலேயே பல்கலைக்கழக மேற்பார்வையாளரோடு பேசி எழுதுங்கள். முடிவில் பேசினால் மனக்கசப்புதான். வாடிக்கையாளரின் கிணறு, பண்ணை, தொழிற்சாலைப் பெயர் அறிக்கையில் வரக் கூடாது; மாதிரி 1, மாதிரி 2 என்று போதும். கோலிபோம் தட்டைப் படம் பிடித்து ஊர்ப் பெயரோடு முகநூலில் போட்டால் அடுத்த நாள் பிரதேச சபையிலிருந்து போன் வரும்.

11. கடைசி இரண்டு வாரம்

புதிய பரிசோதனை எதுவும் தொடங்க விடாதீர்கள். ஒரு வாரம் எழுத, ஒரு வாரம் ஒழுங்காக்க. குளிர்சாதனப் பெட்டியில் “எஸ் 1”, “எஸ் 2 புது” என்று எழுதிய குழாய்கள் கட்டாயம் இருக்கும். எது என்னவென்று மாணவர் போன பிறகு ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வைப்பதா எறிவதா என்று முடிவெடுத்துப் பட்டியல் போட வையுங்கள். எறிவதென்றால் வளர்ப்புத் தட்டுகள் ஓட்டோகிளேவில் போன பிறகுதான் குப்பைக்கு. கரைப்பான் கழிவைத் தொட்டியில் ஊற்ற விடாதீர்கள், பெயர் எழுதிய போத்தலில் சேருங்கள். சாவி, கோட், நூலக அட்டை, கணினிக் கடவுச்சொல் எல்லாம் திரும்பியதற்கு ஒரு தாளில் இருவரும் கையெழுத்து.

மதிப்பீட்டுப் படிவத்தை மாணவரின் கையில் திறந்தபடி கொடுக்காமல், உறையிலிட்டு முத்திரை வைத்துத் துறைக்கு நேரே அனுப்புங்கள். எல்லாருக்கும் “மிக நன்று” போடும் பழக்கத்தை விடுங்கள். “கருவிகளில் கவனம், எழுத்து வேலையில் தாமதம்” என்று ஒரு வரி எழுதினால் துறைத் தலைவர் உங்கள் அடுத்த படிவத்தையும் நம்புவார்.

சான்றிதழில் திகதிகள், மணித்தியாலம், செய்த முறைகளின் பெயர்கள் மூன்றும் இருக்க வேண்டும். “எமது ஆய்வுகூடத்தில் பயிற்சி பெற்றார்” என்ற ஒற்றை வரி வேலைக்கு உதவாது. “மென்சவ்வு வடிகட்டல் முறையில் கோலிபோம் கணித்தல்” என்று இருந்தால் உதவும். தொடரிலக்கம் போட்டு, பிரதியை மாணவரின் பைலிலேயே வையுங்கள். வேலைக்கு எடுக்கும் கம்பனிகள் சில வருடம் கழித்தும் போன் எடுத்துக் கேட்பார்கள்.